வாறவனுக்கு மூன்று மீற்றர்

வெலிமடையில் அலுவலகம் என்ற பெயரோடு இயங்கும் கட்டிடங்களில் பல அந்த நோக்கத்தில் கட்டப்பட்டவை அல்ல. கீழே உருளைக்கிழங்கும் போஞ்சியும் மூட்டையாக ஏறி இறங்கும் கடை. படியேறினால் லீசிங் கம்பனி. அதற்கும் மேலே மாலை வகுப்பு. வீடாக இருந்தது கிளை அலுவலகமாகும், கிளை இடம்மாறிப் போனால் மருந்தகமாகும். நகரத்தை விட்டுத் தோட்டங்களின் பக்கம் ஏறினால் வேறு வகை: கருங்கல் சுவர், பலகைச் சீலிங், தகரக் கூரை. ஒரு காலத்தில் துரையும் பெரிய கிளாக்கரும் பேரேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்த ஆபீஸ் அது. இப்போது செக்ரோல் என்ற தொழிலாளர் பேரேடு கம்பியூட்டருக்குள் போய்விட்டது. கொழுந்து நிறுக்கும் கணக்கும் அதிலேயே சேர்கிறது.

இந்தக் கட்டிடங்களுக்குள் நெட்வேர்க் கேபிள் இழுப்பது என் தொழில். அதில் வெளியே தெரியாத ஒரு பகுதி உண்டு. கேபிளின் இரண்டு முனைகளிலும் இன்றைய தேவைக்கு மேலாகக் கொஞ்சம் நீளத்தை விட்டுவைப்பது. சிலர் லூப் என்பார்கள், சிலர் ஸ்லாக் என்பார்கள். நான் தொழில் பழகிய நானா மிச்சம் என்பார். வேலை முடிந்த அன்று அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அது இல்லாமலும் சுவிட்சில் பச்சை லைட் எரியும், பில் பாஸாகும், சல்லி கைக்கு வரும். அதனால்தான் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் அதில் கை வைக்கிறார்கள். அப்படிக் கை வைப்பது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தொழில்நுட்பக் காரணம் அதில் ஒரு பாதிதான்.

நானா பேச்சுக் குறைந்தவர். சீலிங்குக்குள் படுத்துக்கொண்டு கேபிளை இழுக்கும்போது கீழே பெட்டியிலிருந்து விட்டுக்கொடுக்கும் என்னிடம் இரண்டே சொற்கள்தான் சொல்வார், "விடு", "போதும்". அந்த ‘போதும்’ எப்போதும் தாமதமாக வரும். மேசைக்கு வேண்டியது வந்த பிறகும் இரண்டு முழம் இறங்கும். வெட்டும் குறட்டை நான் கையில் எடுத்த முதல் வேலையிலேயே சொன்னார்: "மகன், அளந்து வெட்டாத. வாறவனுக்கும் கொஞ்சம் வெச்சிட்டு வெட்டு." அப்போது எனக்கு ஞாபகம் வந்தது பள்ளிக்கூடச் சீருடை. அரசாங்கம் தரும் இலவசத் துணியில் தைக்கும்போது அம்மாக்கள் கவுனின் விளிம்பில் நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார்கள். அடுத்த வருடம் பிள்ளை வளரும், மடிப்பைப் பிரிக்கலாம்.

நானா கைக்கணக்கில் வைத்ததை இன்று நியமங்களும் வழிகாட்டிகளும் எண்ணில் எழுதி வைத்திருக்கின்றன. சுவிட்சுகள் மாட்டும் ரெக் இருக்கும் அறையில் ஏறத்தாழ மூன்று மீற்றர். மேசைப் பக்கம், சுவர்ப் பெட்டிக்குப் பின்னால் அல்லது சீலிங்குக்குள், 30 சென்ரிமீற்றர். ஃபைபர் என்றால் அந்தப் பக்கம் ஒரு மீற்றர். கமராவுக்கும் வைஃபைப் பெட்டிக்கும் போகும் கேபிளில் நான் இதைவிடக் கூடுதலாக வைப்பேன். அவை மாட்டிய இடத்திலேயே நிலைத்து நான் பார்த்ததில்லை.

இந்த மிச்சத்தை எது தின்கிறது என்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும். முனையில் ஜாக் பொருத்தும் ஒவ்வொரு தடவையும் சில சென்ரிமீற்றர் வெட்டுப்பட்டுப் போகும். நாலு சோடி முறுக்குக் கம்பி. முனையில் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. சரியாக வரவில்லையென்றால் வெட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். வெலிமடை இருக்கும் ஊவாவில் இதற்கு வானமும் உதவுகிறது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரமானால் இடி. ஒரு மின்னலில் சுவிட்சின் போர்ட்டும் அதோடு ஜாக்கும் கருகிப்போகும். கருகிய முனையை வெட்டித்தான் ஆகவேண்டும். பனிமூட்டம் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் ஜாக்கின் உள்ளே பச்சை பூக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை, ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்பெற்ற வாசனையைக் கொடுக்கும் அந்த வறட்டுக் காற்றில், பழைய ஆபீசுகளின் பலகை சுருங்கும். மழை பிடித்தால் ஊதும். பலகையோடு இறுக்கிக் கிளிப் அடித்த கேபிள் அந்த அசைவைத் தாங்கிக்கொண்டே இருக்கவேண்டும். எலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சீலிங்குக்குள் எங்களைவிட அதிக நேரம் இருப்பது அதுதான்.

எல்லாவற்றையும்விட அதிகமாக மிச்சத்தைத் தின்பவர்கள் மனிதர்கள். ஒரு முகாமையாளர் மாறினால் மேசை மாறும். கண்ணாடித் தடுப்பு வரும், கவுண்டர் இரண்டடி முன்னால் நகரும். மிச்சம் இருந்தால் அரை மணி நேர வேலை. இல்லாவிட்டால் இரண்டே வழி. ரெக்கிலிருந்து மேசைவரை புதிதாக ஒரு கேபிள் இழுப்பது ஒன்று. இருப்பதோடு ஒரு துண்டை ஒட்டி மூட்டுப் போடுவது மற்றது. எல்லோரும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். மூட்டு சீலிங்குக்குள் போய்விடும், கேபிள் ஓடும் படத்தில் இருக்காது. ஆறு மாதம் கழித்து மழை பெய்யும்போது மட்டும் அந்தக் கவுண்டரில் இணைப்பு விட்டுவிட்டு வரும். கம்பியூட்டரை மாற்றுவார்கள், சுவிட்சை மாற்றுவார்கள், கம்பனிக்குப் போன்போட்டு ஏசுவார்கள். கூரைக்குள் ஊறிக்கொண்டிருக்கும் மூட்டை யாரும் நினைக்கமாட்டார்கள்.

2022 பொருளாதார நெருக்கடியை ஒட்டிய காலத்தில் இழுத்த கேபிள்களில் இந்த மூட்டுகளை நிறையப் பார்த்தேன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த நாணயம் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. கேபிள் பெரும்பாலும் இறக்குமதி. ஏற்கனவே கொந்தராத்துப் பேசி விலை கொடுத்துவிட்டவர்கள் எதைக் குறைப்பது என்று பார்த்தார்கள். ஒரு பக்கம் மிச்சத்தை வெட்டினார்கள். மறு பக்கம் செப்புக்குப் பதிலாகச் செப்புத் தோல் பூசிய அலுமினியக் கம்பியை வாங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். அலுமினியம் நாலு தரம் வளைத்தால் முறியும், முனை அடிக்கடி போகும், வெட்டிப் புதிதாகப் பொருத்த வேண்டியிருக்கும். மிச்சம் மிக அதிகமாகத் தேவைப்படுகிற கேபிளில்தான் மிச்சம் ஒரு விரல்கூட இல்லாமல் போனது. அப்படி இழுக்கப்பட்ட ஒரு தனியார் அலுவலகத்தில் வரிசை நீண்டது என்று கவுண்டரைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். ஒரு கேபிள்கூட எட்டவில்லை. அத்தனையிலும் மூட்டு விழுந்தது. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தோம். முதலில் மிச்சம் பிடித்த சல்லி அந்தச் செலவில் ஒரு மூலைக்கும் காணாது.

ஆனாலும் நெருக்கடிமேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை. விலை பேசும் முறையிலேயே பிழை இருக்கிறது. நம் பக்கம் பெரும்பாலும் பொயின்ட் கணக்கில் விலை: ஒரு இணைப்புக்கு, அதாவது ஒரு பொயின்ட்டுக்கு, இவ்வளவு. அந்தக் கணக்கில் கேபிள் குறையக் குறைய வேலை எடுத்தவருக்கு இலாபம். மிச்சம் விடுபவர் தன் பையிலிருந்து விடுகிறார். மீற்றர் கணக்கில் பேசினாலோ, மிச்சத்தைப் பார்த்ததும் வேலை கொடுத்தவருக்குச் சந்தேகம் வரும், நீளத்தைக் கூட்டிக் காட்டுகிறான் என்று. எந்தக் கணக்கில் பேசினாலும் பின்னால் வரப்போகிற ஆளுக்காகப் பேச மேசையில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அவருடைய பங்கை இன்று இருப்பவர்கள் இருவரும் பிரித்துக்கொள்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். மிச்சம் விடுகிறேன் என்று பத்து மீற்றரை வளையமாகச் சுற்றி, டை போட்டு இறுக்கி, ரெக்குக்குப் பின்னால் திணித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது அக்கறை இல்லாத வேலை. இறுக்கிச் சுருட்டிய வளையத்தில் ஒரே இடைவெளியில் சுற்றுக்கள் அடுக்கடுக்காக நெருங்குவதால் சமிக்ஞை கெடலாம். கமராவுக்கும் போனுக்கும் மின்சாரமும் சேர்ந்தே போகும் கேபிள்கள் என்றால் கட்டுக்குள் சூடும் பிடிக்கும். வளைக்கும்போது கேபிளின் தடிப்பைப்போல் நாலு மடங்கு ஆரையாவது இருக்கவேண்டும். எட்டு வடிவிலோ, அகன்ற யூ வடிவிலோ தட்டின்மேல் தளர்வாகப் படுக்க வைப்பதே நல்லது. இழுக்கும் விசைக்கும் எல்லை உண்டு, 110 நியூட்டன். பதினொரு கிலோ எடையைத் தூக்கும் அளவு. அதற்கு மேல் இழுத்தால் உள்ளே முறுக்கின் ஒழுங்கு கலைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. சுவருக்குள் நிலையாக ஓடும் கேபிள் 90 மீற்றரைத் தாண்டக்கூடாது. விட்டுவைத்த மிச்சமும் அந்தத் தொண்ணூறுக்குள்தான். தோட்டத்து ஆபீசிலிருந்து தொழிற்சாலைக்கு இழுக்கச் சொல்லும்போது இந்த எல்லை உடனே குறுக்கே வரும். அங்கே செப்பை விட்டு ஃபைபருக்குப் போவதே சரி. கட்டிடத்துக்குக் கட்டிடம் செப்பு இழுப்பது மின்னலுக்கு வழி வெட்டிக் கொடுப்பது.

மிச்சத்தை இரண்டு பக்கத்தாரும் நம்ப ஒரு எளிய வழி கேபிளிலேயே இருக்கிறது. உறையின்மேல் மீற்றருக்கு மீற்றர் எண் அச்சிட்டு வருகிறது. இந்த முனையில் 118, அந்த முனையில் 164 என்றால் ஓடியது 46 மீற்றர். சுவருக்குள் எவ்வளவு, சீலிங்குக்குள் எவ்வளவு தளர்வாகக் கிடக்கிறது என்பதைப் படத்தோடு வைத்துப் பார்த்தால் யாரும் சொல்லிவிடலாம். இந்த எண்களைக் குறித்து வைக்கும் பழக்கம் நம் ஊரில் மிகக் குறைவு. குறித்து வைத்த ஒருவரின் வேலையை ஒரு தடவை பதுளையில் ஒரு பழைய கட்டிடத்தில் பார்த்தேன். சுவர்ப் பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் இரண்டு எண்கள், எழுதிய மாதமும் ஆண்டும். அந்த எண்ணை நம்பிச் சீலிங்கைத் திறந்தேன். சொன்ன நீளம் சொன்னபடி மடங்கிக் கிடந்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் அவர்மேல் நன்றியோடு வேலை செய்தேன்.

தூரத்துக் கம்பி போடுபவர்கள் இந்தப் பாடத்தைப் பெரிய நட்டம் பட்டுத்தான் படித்தார்கள். 1857 ஓகஸ்டில் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவை நோக்கி முதல் அத்திலாந்திக் தந்திக் கம்பியை இறக்கியபோது, முந்நூறு மைலுக்கு மேல் போட்ட பிறகு, அலையில் கப்பலின் பின்புறம் எழும்பிய கணத்தில் பிரேக்கைத் தளர்த்தத் தவறினார்கள். கம்பி அறுந்து மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் ஆழத்தில் போய்விட்டது. கம்பி அதிகமாக ஓடி வீணாகிறதே என்ற கவலையில்தான் பிரேக்கையே இறுக்கியிருந்தார்கள். இன்று கடலடிக் கேபிள் போடும் கப்பல்கள் தரையின் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி நூற்றுக்குச் சில பங்கு நீளத்தைக் கூட்டியே இறக்குகின்றன. இல்லாவிட்டால் கடலடிக் குன்றுகளுக்கு நடுவே கேபிள் அந்தரத்தில் தொங்கி, உரசி அறும். மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கேபிளும் அப்படி இறக்கப்பட்டதுதான். வெலிமடைக் கடையொன்றில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வரும் படம் அப்படிப்பட்ட ஏதோ ஒரு தளர்வின்மேல் ஏறித்தான் வருகிறது.

இதைக் கற்கக் கடலுக்குப் போகவேண்டும் என்றுமில்லை. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். எல்ல ஸ்டேஷனைத் தாண்டித் தெமோதரையில் பாதை நேராக இறங்க முடியாத அளவுக்கு மலை சரிகிறது. பாதை ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, தான் விட்டுவந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது. மேலிருந்து பார்த்தால் வந்த இடத்துக்கே திரும்பி வந்ததுபோல் தோன்றும் அந்தச் சுற்று இல்லாமல் ரயில் பதுளைக்கு இறங்கியிருக்காது. அவிழ்ந்த தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கங்காணியைப் பார்த்துத்தான் என்ஜினியருக்கு அந்த யோசனை வந்தது என்று எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டுப் பெருமைப்பட்டோம். இப்போது கேட்கும்போது, கங்காணியின் பேர் அதில் ஒருபோதும் வருவதில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

இந்தத் தொழிலின் வழியாக எனக்குத் தெரியவந்த பெரிய விடயம் கேபிளைப் பற்றியது அல்ல. நான் பிறந்த லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. மலைநாடு முழுவதும் பெரும்பாலும் அதே அளவுதான். கொழுந்து பறிக்க இத்தனை கை வேண்டும், அந்தக் கைகள் இரவில் படுக்க இவ்வளவு இடம் போதும் என்று கணக்குப் போட்டவர்கள் அன்றைக்கு வேண்டியதையும் குறைத்தே போட்டார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளைக்குப் படிக்க ஒரு மேசை வேண்டும், கிழவிக்குக் கால் நீட்ட இடம் வேண்டும் என்று அந்தக் கணக்கில் எந்த வரியும் இல்லை. சனங்கள் இஸ்தோப்பை அடைத்து ஒரு அறை எடுத்தார்கள். பின்னால் தகரம் இறக்கி ஒரு குசினி எடுத்தார்கள். அதற்குமேல் எடுக்க அங்கே ஒன்றும் விட்டுவைக்கப்படவில்லை.

இது வெறும் வசதிக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு மீரியபெத்தையைச் சொல்லவேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் அந்தத் தோட்டத்தின் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் குடியிருக்க ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எழும்பிப் போங்கள் என்று சொல்வது சுலபம். அளந்து கொடுத்த காம்பராவைத் தவிர ஒரு சாண் நிலமும் தன் பேரில் இல்லாத ஒருவர் எங்கே போவார்? நகர்வதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தை முன்கூட்டியே யாராவது விட்டிருக்க வேண்டும். நூற்றைம்பது வருடத்தில் யாரும் விடவில்லை.

மலை சரியாத இடத்திலும் நிலம் அசையும். உமா ஓயா நீர்த் திட்டத்துக்குச் சுரங்கம் வெட்டியபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. வெடிப்பு விழுந்த சுவர்களில் கேபிள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். தளர்வாக ஓடிய கேபிள் வெடிப்பின் குறுக்கே சும்மா கிடந்தது. இறுக்கி அடித்தது கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு கம்பிபோல் நின்றது. சுவர் அசையாது என்று நம்பி வேலை செய்வதற்கு ஊவா பொருத்தமான நிலம் அல்ல.

கடந்த சில வருடங்களில் தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பியிருக்கின்றன. ஏழு பேர்ச் போதாது என்பது வேறு வழக்கு, அதை நான் விடவும் மாட்டேன். அந்த வீடுகளோடு தங்கள் செலவில் ஒரு அறையைச் சேர்த்துக் கட்டுகிறவர்கள் தூணின் தலையில் கம்பியை வெட்டாமல் இரண்டடி நீட்டி விடுகிறார்கள், என்றைக்காவது மேல்மாடி எடுக்கலாம் என்று. மூன்று நாலு தலைமுறை லயத்தில் வாழ்ந்தவர்கள் சொந்தமாகக் கட்டத் தொடங்கியதும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிற காரியம் இது. நம் அலுவலகங்களுக்குப் பி.ஓ.கியூ. என்ற அளவுப் பட்டியலை எழுதும் படித்தவர்கள் அந்தத் தூண்களை ஒரு தடவை வந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் கேட்பது சிறிய தொகைதான். 24 பொயின்ட் உள்ள ஒரு கிளைக்கு ரெக் பக்கம் மூன்று மீற்றரும் மேசைப் பக்கம் 30 சென்ரிமீற்றரும் வைத்தால் மொத்தம் 79 மீற்றர் சொச்சம். ஒரு பெட்டியில் 305 மீற்றர். நாலில் ஒரு பங்கு பெட்டி. இதைப் பொயின்ட் விலைக்குள் ஒளிக்காமல் தனி வரியாக எழுதுங்கள், மீற்றர் எண்களைப் பார்த்துச் சரிபார்த்த பிறகு காசைக் கொடுங்கள் என்று வேலை கொடுப்பவர்களிடம் சொல்கிறேன். சிலர் எழுதுகிறார்கள். எழுத மறுத்த வேலைகளை விட்டும் இருக்கிறேன். இந்த ஊரில் வேலையை விடுவது எவ்வளவு கடினம் என்று தொழில் செய்பவர்களுக்குத் தெரியும்.

என்னோடு பழகும் பொடியன்கள் தோட்டத்துப் பிள்ளைகள். கெட்டிக்காரர்கள். ஒருவன் கேட்டான்: "அண்ணே, சீலிங்க மூடிட்டா பொறகு யாருண்ணே வந்து பாக்கப் போறாங்க?" "நீ வருவ, இல்லாட்டி உன்னய மாதிரி இன்னொருத்தன் வருவான்" என்றேன். வெலிமடையில் இந்த வேலை செய்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஒருவர் போட்டதை மற்றவர் திறப்பது அடிக்கடி நடக்கும். இப்போது ரெக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுகிறோம். ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையின் மீற்றர் எண், மிச்சம் எங்கே படுத்திருக்கிறது, எத்தனை மீற்றர், எந்த மாதம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அடுத்து வந்து திறப்பவர் எந்த மொழியில் வாசிப்பார் என்று சொல்ல முடியாது.